துப்பாக்கி துடைக்க நாலு பக்கம்

தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகம் போகிற சாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், தட்டச்சு, மொழிபெயர்ப்பு. வெளிநாடு போகிற காயல்பட்டினத்துக்காரர்களின் பிறப்புச் சான்றிதழ், கப்பல் ஏஜென்டுகளின் அறிவிப்பு, பம்புசெட் பெட்டிக்குள் மடித்து வைக்கிற விளக்கத்தாள் என்று எது வந்தாலும் மாற்றிக் கொடுப்பேன். அப்பா அம்மா இருவரும் பக்கத்து ஊரான நாசரேத்தில் பள்ளிக்கூட ஆசிரியர்களாக இருந்தவர்கள். எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒற்று விட்டுப்போனால் பொறுக்கமாட்டார்கள். அதனால் என் தமிழைப் பற்றி எனக்கு உள்ளுக்குள் நல்ல கர்வம் இருந்தது. போன ஆடி மாதம் அந்தக் கர்வத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தது ஒரு வேட்டைத் துப்பாக்கி.

ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் ஆங்கிலத்தில் நாலு பக்கம் கொண்டுவந்தார். அறுபது வயதுக்காரர். பேச்சு மெதுவாக வரும், சிரிப்பு சட்டென்று வரும். புதிதாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை எப்படித் துடைத்துப் பராமரிப்பது என்று அந்தத் தாளில் இருந்தது.

“வேட்டையெல்லாம் சட்டப்படி நின்னு எத்தனையோ காலமாச்சு தங்கச்சி. ஆனா அந்தப் பழைய வேட்டைத் துப்பாக்கி இன்னும் வெள்ளாம பாக்குற நம்ம சம்சாரிக கையில இருக்கு. ஓட்டப்பிடாரம் பக்கம் சோளத்துக்குள்ள பன்னி எறங்கினா வானத்தப் பாத்து ஒரு வெடி வைப்பாவ. அதுக்கு லைசென்ஸ் இருக்கு. துடைக்கத்தான் ஒருத்தருக்கும் தெரியல. தேங்கா எண்ணெயத் தடவிட்டுக் கொண்டாராவ, எனக்கு அழுகையா வருது” என்றார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விதைப்புக்கு முன்னால், அவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தப்போவதாகவும் அன்று கையில் கொடுக்கத் தமிழில் தாள் வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வாரம் எனக்கு வேலை நெருக்கடி. துப்பாக்கிதானே என்று நாலு பக்கத்தையும் கைப்பேசியில் கொடுத்து, அது துப்பிய தமிழை எடுத்து, ஒற்றுப் பிழைகளைத் திருத்தி, அழகான எழுத்துருவில் அச்செடுத்து வைத்தேன். என் வாழ்க்கையில் சந்திப் பிழை ஒன்றுகூட இல்லாமல், பொருள் ஒன்றுகூடச் சரியில்லாமல் நான் கொடுத்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான்.

அண்ணாச்சி கடையில் நின்றபடியே வாசித்தார். முதல் வரியிலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“தங்கச்சி, சத்தமா வாசிக்கட்டுமா?”

“வாசிங்க அண்ணாச்சி.”

“‘முதலில் அறை காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும்.’” அவர் நிமிர்ந்து என் கடையின் நாலு மூலையையும் பார்த்தார். “இங்கன நீங்க இருக்கிய, நான் இருக்கேன், ஜெராக்ஸ் எடுக்க ரெண்டு பேரு நிக்காவ. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத்தான் துப்பாக்கியத் தொடணுமோ?”

அவர் விடவில்லை.

“‘நடவடிக்கையைத் திறந்து, சலிப்பு பளபளக்கும் வரை தேய்க்கவும்.’ சரி, தேய்ச்சாச்சு. ‘குழலின் முனையில் மூச்சுத்திணறல் உள்ளதா எனக் கவனிக்கவும்.’ ஏ யப்பா! துப்பாக்கிக்கு இழுப்பு வந்துட்டா?”

ஜெராக்ஸுக்கு நின்ற இருவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஆக்‌ஷன்’, ‘போர்’, ‘சோக்’ என்று இருந்த துப்பாக்கிப் பாகங்கள்தான் அப்படி ஆகியிருந்தன. ‘ஸ்டாக்’ என்கிற கட்டையைக் கைப்பேசி கையிருப்பு ஆக்கியிருந்தது; கையிருப்புக்கு ஆளிவிதை எண்ணெய் தடவச் சொல்லியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை அண்ணாச்சி வாசிக்கவில்லை. விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். குனிந்து பார்த்தேன். கட்டையின் அடிப்பாகமான ‘பட்’, ‘பிட்டத்தைத் தரையில் ஊன்றி நிறுத்தவும்’ என்று ஆகியிருந்தது. எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்து, தண்ணீர் குடிக்கும்படி ஆகிவிட்டது.

“என்ன மன்னிச்சிருங்க அண்ணாச்சி. எனக்குத் துப்பாக்கியப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

“அது நல்லதாப் போச்சு. தெரியாதவங்களுக்குத்தான எழுதுதோம். நாளைக்குக் காலையில கடைக்கு வாங்க. பொருளக் கண்ணால பாத்துட்டு எழுதுங்க.”

மறுநாள் போனேன். இரும்புக் கதவுக்குப் பின்னால் நீளமான ஒற்றை அறை. சுவரோரம் பூட்டிய கண்ணாடி அலமாரிகள். மண்ணெண்ணெய்க்கும் தையல் இயந்திர எண்ணெய்க்கும் நடுவில் ஒரு வாசனை. அண்ணாச்சி ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்து மேசையில் வைத்ததும் நான் என்னை அறியாமல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

“பயம் இருக்கட்டும், அது நல்லதுதான். மொதல்ல இதத் தொறக்கணும். தொறந்து கண்ணால பாக்கணும். பொறவு சுண்டுவிரல விட்டுத் தடவிப் பாக்கணும். கண்ணு சில நேரம் ஏமாத்தும்” என்றார்.

மேலே இருந்த நெம்புகோலைத் தள்ளினார். துப்பாக்கி நடுவில் மடிந்து, குழலின் பின்வாய் திறந்துகொண்டது. தோட்டா உட்காருகிற இடம் அது. நான் எழுதிய ‘அறை’ அதுதான். பார்த்தேன்; காலி. சுண்டுவிரலை விட்டேன், குளிர்ச்சியாக, வழவழவென்று, காலி. இரண்டாம் முறையும் செய்யச் சொன்னார். செய்தேன். அதற்குப் பிறகு நாற்காலி தானாக முன்னால் வந்துவிட்டது.

அடியில் இருந்த மரப்பிடியைக் கழற்றினார். குழல் தனியாக வந்தது. நுனியில் பித்தளைப் பிரஷ் பூட்டிய நீளக் கம்பியை என்னிடம் கொடுத்து, கரி கழுவுகிற எண்ணெயில் தோய்த்து, தோட்டா வைக்கிற பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ளச் சொன்னார். பாதி வழியில் நிறுத்தித் திருப்பி இழுக்கக் கூடாது, அழுக்கு வந்த வழியே உள்ளே போய்விடும். பிரஷ்ஷுக்குப் பிறகு துணித் துண்டுகள். முதல் துண்டு கன்னங்கரேலென்று வெளியே வந்தது. அடுத்தது பழுப்பு. அடுத்தது சாம்பல். ஐந்தாவதோ ஆறாவதோ போட்டபடியே வெள்ளையாக வந்து விழுந்தது.

“இப்ப அந்தக் குழல ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு உள்ள பாருங்க.”

கழற்றிய குழல்தான் என்றாலும் கண்ணை அதன் பக்கத்தில் கொண்டுபோகுமுன் சுண்டுவிரலை விட்டு இன்னொரு முறை தடவிக்கொண்டேன். பார்த்தேன். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாக, தூரத்து ஜன்னல்வரை ஓடியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது அடியில் வானம் தெரியுமே, அப்படி. “அய்யோ!” என்று கத்திவிட்டேன். அண்ணாச்சி பதறிப்போய், “என்னம்மா, துருவா?” என்றார். “இல்ல அண்ணாச்சி, அழகா இருக்கு” என்றேன். நாற்பது வருடமாகக் கடை நடத்துகிறவர், அவரும் வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, “ஆமா, அழகாத்தான் இருக்கு” என்றார்.

எண்ணெய் நிறையப் போட்டால் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். துடைத்தபின் தடவுகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியக்கூடாதாம், விரலுக்குத்தான் தெரியவேண்டுமாம். மிஞ்சினால் மரத்துக்குள் இறங்கிக் கட்டை உளுத்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசினாகி, அசைகிற பாகம் எல்லாவற்றையும் ஒட்டிவைத்துவிடும்.

“கையால தொட்டா கடைசியில ஒரு தடவ மேலெல்லாம் துடைக்கணும். நம்ம ஊரு உப்புக்காத்துக்கு இது மறக்கக் கூடாது” என்றார்.

“ஒரு தடவ தொட்டாலேவா?”

அவர் பழைய உடைந்த குழல் துண்டு ஒன்றை எடுத்து, பளபளவென்று தேய்த்து, என் முன்னால் நீட்டினார். “கட்டை விரல வச்சு அமுக்குங்க. துடைக்காண்டாம். நாலு நாள் கழிச்சு வாங்க.”

நாலு நாள் கழித்துப் போனபோது அந்த இரும்பில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவாக எழுந்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில், ஒரு கோடு விடாமல். ஆதார் எடுக்கும்போது மூன்று முறை அழுத்தியும் என் ரேகை சரியாக விழவில்லை. இங்கே கடற்காற்று கேட்காமலே எடுத்துவைத்திருந்தது. அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் என் கணவரிடம் காட்டினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், துருவோடுதான் அவர் பிழைப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனி நீ எதையாவது திருடினா தப்ப முடியாது” என்றார்.

பிறகு உட்கார்ந்து நாலு பக்கத்தையும் என் கையாலேயே எழுதினேன். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டேன். தெரிந்த சொல் இருந்த இடத்தில் தெரிந்த சொல்லைப் போட்டேன். குழல், கட்டை, தோட்டா. இல்லாத இடத்தில் விளக்கிச் சொன்னேன். ‘அறை’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தோட்டா உட்காரும் இடம்’ என்று எழுதியபோது அப்பா உயிரோடு இருந்திருந்தால் சரியென்று தலையசைத்திருப்பார் என்று தோன்றியது. ஆனால் நாலு பக்கத்துக்குள் அடங்கவில்லை, சில வரிகளை வெட்டவேண்டி வந்தது. ‘ஒவ்வொரு முறையும் தோட்டா போடுவதற்கு முன் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. துடைத்த பிறகு பார்க்கச் சொல்லித்தான் ஆயிற்றே, இது இரண்டாம் தடவை என்று அதை வெட்டினேன்.

ஆவணி ஞாயிறு அண்ணாச்சியின் வேனில் நானும் போனேன். என் எழுத்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசை. ஓட்டப்பிடாரம் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் ஒரு கிராமம். சமுதாயக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார் அண்ணாச்சி. ஒரு தோட்டாகூட கொண்டுவரக் கூடாது என்பது கட்டளை. வாசலில் நின்று ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் ஆண்கள், ஓர் அக்காவைத் தவிர. ஐம்பத்தைந்து வயதிருக்கும். காதில் பெரிய கம்மல், தோளில் துப்பாக்கி. கணவர் இறந்தபின் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, எட்டு ஏக்கர் மக்காச்சோளத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். அவர் துப்பாக்கி மட்டும் வாசலில் திறக்கவில்லை. அண்ணாச்சி நெம்புகோலைத் தள்ளினார், தட்டினார், மூச்சைப் பிடித்து அமுக்கினார்.

“ஏளா, என்னத்தத் தடவுன?”

“நல்ல செக்குல ஆட்டின தேங்கா எண்ணெய் அண்ணாச்சி. தலைக்குக்கூட நான் அத வைக்கல, இதுக்குத்தான் வச்சேன்” என்றார் அக்கா.

அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார். துப்பாக்கியை வாசலுக்கு வெளியே ஆளில்லாத பக்கம் பார்த்து மண்மூட்டை மேல் படுக்கவைத்து, மூட்டில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, “ஊறட்டும். அதுவரைக்கும் யாரும் இது பக்கத்துல வராதிய” என்று சொல்லிவிட்டு வகுப்பை ஆரம்பித்தார். நான் தாளைக் கொடுத்தேன். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். நான் மூலையில் உட்கார்ந்து பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

‘தோட்டாவின் பின்புறம் அடிக்கும் சுத்தியல்’ என்று வந்ததும் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

“அது என்னம்மா சுத்தியல்? குதிரைன்னு போடுங்க. எங்க அய்யா காலத்துல இருந்து அது குதிரதான்.”

“ஆமா, குதிரை” என்றார்கள் எல்லோரும்.

உடனே அடித்துவிட்டுக் குதிரை என்று எழுதினேன். அந்தச் சொல் அகராதியில் இருக்கிறது. சின்ன வயதில் பார்த்த ஞாபகம்கூட வந்தது. இவர்கள் வாயில் அது உயிரோடு இருந்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர்களும் விடவில்லை. இந்த இடம் நல்லாருக்கு, இந்த இடம் புரியல, இத இப்படிச் சொல்லுங்க என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொல்ல, என் தாளின் ஓரமெல்லாம் பேனாக் கிறுக்கல். எந்தச் சங்கத்திலும் ஒரு நூல் இவ்வளவு கவனமாக அரங்கேறியிருக்காது.

கால்மணி நேரம் கழித்து அண்ணாச்சி மறுபடி போய் நெம்புகோலைத் தள்ளினார். பிசின் இளகி, துப்பாக்கி ஒரு முனகலோடு மடிந்தது. தோட்டா உட்காரும் இடத்தைப் பார்த்தார், விரலை விட்டார், காலி. குழலைத் தனியே கழற்றி, கூடத்துக்குள் கொண்டுவந்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். முகம் மாறியது.

“வெளிச்சம் தெரியலியே.”

அவர் என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். கும்மிருட்டு. கம்பியை எடுத்து மெதுவாக உள்ளே விட்டார். முக்கால் வழியில் எதன்மீதோ முட்டி ‘டொக்’ என்று நின்றது. மறுபடி தள்ளினார். வாய்ப் பக்கமாகக் காய்ந்த செம்மண் பொலபொலவென்று ஜமுக்காளத்தில் கொட்டியது. கூடவே சுருண்ட பச்சைப் புழுக்கள் நாலைந்து.

“குளவிக்கூடு” என்றார் பெரியவர்.

தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்தபிறகு அக்கா துப்பாக்கியை வெளியே எடுக்கவே இல்லையாம். வாங்கி வந்த அன்றே தேங்காய் எண்ணெயைத் தடவி, நுனி கிழிந்த உறையில் போட்டுப் பூட்டிய அறைக்குள் ஆணியில் மாட்டியிருந்தார். பன்றிக்குப் பட்டாசு போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார். குளவி அந்தக் கிழிசல் வழியே போய்க் குடும்பம் நடத்தியிருக்கிறது.

“இதோட வெடி வச்சிருந்தா குழலு முகத்துக்கு நேரா பொளந்திருக்கும்” என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்.

நான் வெட்டிய வரி அதுதான். தோட்டா போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பார்க்கவும். எழுந்து நின்று, “அந்த வரி இங்கிலீஷ் தாள்ல இருந்துச்சு. இடமில்லைன்னு நான்தான் எடுத்துட்டேன். தப்பு என்னோடது” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

யாரும் என்னைக் கோபிக்கவில்லை. அக்காதான் முதலில் பேசினார். மண்ணையும் புழுவையும் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றவர், “பன்னிய வெரட்ட வாங்கினத குளவி வந்து பிரசவ ஆஸ்பத்திரியா ஆக்கிட்டே!” என்றார். கூடம் வெடித்துச் சிரித்தது. சிரித்துச் சிரித்து அவர் கண்ணிலும் தண்ணீர், என் கண்ணிலும் தண்ணீர்.

“சரி, இப்ப அந்த வரிய மொதப் பக்கத்துல போடுங்க. பெரிய எழுத்துல. எனக்குச் சின்ன எழுத்துத் தெரியாது” என்றார்.

குளவியையும் சேர்த்து எழுதினேன். அதன் பிறகு அக்கா தன் துப்பாக்கியைத் தானே துடைத்தார். அவர் கண்ணாடி கொண்டுவராததால் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பிரஷ்ஷை விடுங்க அக்கா. முழுசாத் தள்ளுங்க. இப்ப துணி. வளையல் குலுங்க அவர் தள்ளினார். கறுப்பு வந்தது, மறுபடி கறுப்பு, மண்ணோடு பழுப்பு, இன்னும் பழுப்பு. ஆண்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு துண்டு விழும்போதும் “இன்னும் கெடக்கு, இன்னும் கெடக்கு” என்றார்கள். பதினைந்து துண்டாவது போயிருக்கும். கடைசியில் ஒன்று வெள்ளையாக வந்து ஜமுக்காளத்தில் விழுந்ததும் கோல் போட்டது போல ஒரு சத்தம். பெரியவர் கைதட்டினார். அக்கா குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “எங்க வீட்டுக்காரரு இத ஒரு நாளும் எனக்குக் காட்டவே இல்ல பாத்தியளா” என்றார், புகார் சொல்கிற குரலில், முகம் நிறையச் சிரிப்போடு.

அவர் வீடு கூடத்துக்கு நாலு வீடு தள்ளி. மத்தியானச் சாப்பாடு தன் வீட்டிலிருந்துதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். பெரிய அண்டாவில் உளுந்தங்களி வந்து இறங்கியது. கருப்பட்டிப் பாகு மணம் கூடத்தை நிறைத்தது. உருண்டை உருட்டி நடுவில் குழிபறித்து நல்லெண்ணெய் ஊற்றிப் பூவரச இலையில் வைக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.

“யாரும் கைய வைக்காதிய!” என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அண்டா மூடி உருண்டது. “கையப் பாருங்க எல்லாரும். கரியும் ஈயமும் கழுவுற எண்ணெயும் கெடக்கு. சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க!”

எல்லோரும் கையைப் பார்த்தோம். ஒருவர் விடாமல் மணிக்கட்டுவரை கறுப்பு. நான் தாளைத் தேடினேன். நாலு பக்கத்திலும் இது இல்லை. ஆங்கிலத் தாளிலும் இருந்ததாக ஞாபகம் இல்லை. நான்காம் பக்கத்தின் அடியில், ‘வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடவும்’ என்று எழுதினேன். இப்போது அச்சாகி அண்ணாச்சி கடையில் கிடைக்கிற தாளிலும் கடைசி வரி அதுதான்.

“எழுதுதத அப்புறம் எழுதலாம், களி ஆறிப்போவுது” என்று அக்கா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். வெளியே அடிகுழாயில் வரிசையாக நின்று கழுவினோம். ஒருவர் அடிக்க ஒருவர் தேய்க்க, நுரை கறுப்பாக வாய்க்காலில் ஓடியது. திரும்பி வந்து உட்கார்ந்து, சூட்டோடு களியைப் பிட்டு எண்ணெயில் முக்கி வாயில் போட்டேன். அன்றைக்கு நான் மூன்று உருண்டை சாப்பிட்டேன்.